அங்கிள், கீழ ரோடு தெரியுது

போன நவம்பர்ல ஒரு நாள் காலையில என் ஸ்கூல் வேன்ல பிள்ளைகள ஏத்திக்கிட்டு ஹட்டனுக்கு போறேன், ரொசல்ல தாண்டி ஒரு வளைவுல நடு சீட்டுல இருந்த மூணாம் ஆண்டு பொடியன் ஒருத்தன் "அங்கிள், கீழ ரோடு தெரியுது"ன்னான். வெளையாட்டுக்கு சொல்றான்னு நெனச்சு "ஓம் ஓம், ரோட்டுலதானே போறோம்"னு சொல்லிட்டு ஓட்டிக்கிட்டே இருந்தேன். அவனோட அக்கா பின் சீட்டுல இருந்து "மெய்தான் அங்கிள், என் அழிரப்பர் அதுக்குள்ள விழுந்துருச்சு"ன்னு சொன்ன உடனதான் ஓரமா நிப்பாட்டி இறங்கி பார்த்தேன். தள்ளுற கதவு படிக்கு பக்கத்துல, ரப்பர் விரிப்பு கிழிஞ்ச இடத்துல, ஒரு அஞ்சு ரூபா குத்தி அளவு ஓட்டை. விரலை வச்சு ஓரத்தை அமத்தினேன், பிஸ்கட் மாதிரி நொறுங்குச்சு. அஞ்சு ரூபா ஓட்டை ஒரு சாசர் அளவுக்கு ஆயிருச்சு. அதுக்கு மேல அமத்த பயம். அன்னைக்கு ஒரு பலகைத் துண்டை போட்டு மூடி, அந்த பக்கம் யாரும் கால் வைக்கக்கூடாதுன்னு சொல்லி கொண்டுபோய் விட்டேன். அழிரப்பருக்கு பதிலா ரெண்டு வாங்கிக் குடுத்தேன், அது வேற கதை.

வேன் அப்பா வாங்கினது. தேயிலைத் தோட்டத்து பெக்டரியில ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனப்ப கிடைச்ச ஈபிஎஃப் காசுல வாங்கின 1989 டொயோட்டா லைட்ஏஸ், சிஎம் 36 மொடல், 2சி டீசல் எஞ்சின். எஞ்சினுக்கு இன்னைக்கும் ஒரு குறையும் இல்ல, காலையில குளிர்ல ஸ்டார்ட் பண்ண ஹீட்டரை கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கணும், அவ்வளவுதான். உடம்புதான் போச்சு. இதை வித்துட்டு வேற ஒண்ணு எடுன்னு சொல்றவங்க நெறைய பேரு, ஆனா 2020 மார்ச்ல இலங்கையில வாகன இறக்குமதியை நிப்பாட்டினதுல இருந்து பழைய வேன் விலை ஏறின ஏத்தம் எல்லாருக்கும் தெரியும், 2025ல திரும்ப திறந்தாங்க, வரியை கேட்டா தலை சுத்துது. கராஜ் ஒண்ணுல கொண்டுபோய் காட்டினேன், அவரு அடியில குனிஞ்சுகூட பார்க்காம, கதவை ரெண்டு தட்டு தட்டிட்டு ஒரு விலை சொன்னாரு. அந்த விலைக்கு நான் ஒரு டெர்ம் முழுக்க பிள்ளைகள சும்மா ஏத்திக்கிட்டு போகணும். சரி நம்மளே இறங்கிப் பார்ப்போம்னு முடிவு பண்ணேன். வெல்டிங் தெரியாது, பெயின்ட் அடிச்சது வீட்டுக் கதவுக்கு மட்டும்தான். அப்பா இருக்காரு, அந்த தைரியம்.

துருன்னு நாங்க சொல்றதை யாழ்ப்பாணத்து ஆளுங்க கறள்னு சொல்லுவாங்க, கராஜ்ல சிங்களத்துல மலகடன்னு சொன்னாத்தான் சட்டுனு புரியும். எந்த பேருல கூப்பிட்டாலும் அது செய்யிற வேலை ஒண்ணுதான், இரும்பும் தண்ணியும் காத்தும் சேர்ந்த இடத்துல தின்ன ஆரம்பிக்கும். காத்துல ஈரப்பதம் 60 வீதத்துக்கு மேல போனாலே வெறும் இரும்புக்கு ஆபத்துன்னு சொல்லுவாங்க. நாங்க இருக்கிறது வட்டவளைப் பக்கம், வருசத்துக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல மழை பெய்யிற ஊரு, கொழும்புக்கு பெய்யிறதை விட ரெண்டு மடங்கு. மழை இல்லாத நாள்ல மிஸ்ட். காயப்போட்ட சட்டையே மூணு நாள் காயாது, வேனோட அடி எங்க காயும்? அதனால நவம்பர்லயே கை வைக்கல, பலகையை போட்டு ஓட்டிக்கிட்டு, பொங்கல் எல்லாம் முடிஞ்சு பெப்ரவரியில வெயில் வந்த பிறகு மாமா மகனோட வேனை ரெண்டு கிழமைக்கு வாங்கி பிள்ளைகள அதுல ஏத்திக்கிட்டு, இதை வீட்டு முன்னால கல்லு வச்சு தூக்கி நிறுத்தினேன். ஜாக்கை மட்டும் நம்பி அடியில படுக்காதீங்க, நாலு பக்கமும் மரக்கட்டை அடுக்கி, ஆட்டிப் பார்த்துட்டுத்தான் நான் உள்ள போனேன்.

அப்பா செஞ்ச முதல் வேலை, ஸ்குரூ டிரைவரை திருப்பி பிடிச்சு அதோட பிடியால வேன் முழுக்க தட்டிக்கிட்டு போனாரு. நல்ல தகடுன்னா டங் டங்னு கேக்கும், போன தகடுன்னா சத்தம் செத்துப்போகும், ஈரப் பலகையை தட்டுற மாதிரி. அந்த இடத்துல எல்லாம் என்னைய சோக்கால வட்டம் போடச் சொன்னாரு. அப்புறம் பழைய ஸ்பீக்கர்ல இருந்து கழட்டின காந்தம், பெயின்ட் கீறாம இருக்க ஒரு துணியில சுத்தி ஓட்டிப் பார்த்தோம். தகடு இருக்கிற இடத்துல இழுத்துப் பிடிக்குது, ஓட்டையை மறைக்க பட்டி, அதான் பேஸ்ட் மாதிரி பூசி காயவிடுறது, பூசின இடத்துல பொத்துனு கீழ விழுது. இடது பக்கம் கதவுக்கு கீழ ஓடுற பெட்டி முழுக்க காந்தம் விழுந்துக்கிட்டே வந்துச்சு. மூணடி நீளத்துக்கு அங்க இரும்பே இல்ல, வெறும் பட்டிதான் வேன் மாதிரி வேசம் போட்டுக்கிட்டு இருந்திருக்கு.

அதை உளி வச்சு எடுக்கும்போதுதான் சிரிப்பு வந்துச்சு, கொஞ்சம் அழுகையும். மேல பெயின்ட், அதுக்கு கீழ பட்டி, அதுக்கு கீழ இன்னொரு கலர் பெயின்ட், திரும்ப பட்டி, அப்புறம் கூரைத் தகரத்துல வெட்டின ஒரு துண்டு, அலை அலையா இருந்ததை சுத்தியலால தட்டி நேராக்கி ரிவெட் அடிச்சிருக்காங்க. கடைசியா, பட்டி உள்ள விழாம இருக்க சுருட்டி அடைச்ச சிங்களப் பேப்பர். விரிச்சுப் பார்த்தா லொத்தர் முடிவுப் பக்கம். அந்தப் பேப்பர் எத்தனை வருசமா தண்ணியை உறிஞ்சி வச்சு இரும்புக்கு ஊட்டிக்கிட்டு இருந்துச்சோ. உள்ள தண்ணி வடியிறதுக்குன்னு கம்பெனியிலேயே ஓட்டை வச்சிருக்கான், அதையும் சேர்த்து அழகா அடைச்சு வச்சிருந்தாங்க. செஞ்சவரு யாருன்னு தெரியாது, தெரிஞ்சா ஒரு டீ வாங்கிக் குடுத்து ஏன்னு கேப்பேன்.

ஆனா எனக்கு பெரிய சந்தேகம், இந்த தண்ணி எங்கே இருந்து வருது? அடியில இருந்து தெறிக்கிறதுதான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அப்பா நம்பல. சீட்டு எல்லாம் கழட்டி, விரிப்பை எடுத்து, தரை முழுக்க பேபி பவுடரை தூவச் சொன்னாரு, அப்புறம் என்னைய கேத்தலோட மேல ஏறி கொஞ்சம் கொஞ்சமா தண்ணி ஊத்தச் சொல்லிட்டு அவரு டோர்ச்சோட உள்ள உக்காந்துக்கிட்டாரு. கூரை ஓரத்து பீலியில ஊத்தினேன், ஒண்ணும் இல்ல. ஜன்னல் ரப்பர், ஒண்ணும் இல்ல. முன் கண்ணாடியோட இடது கீழ் மூலையில ஊத்தினதும் உள்ள இருந்து "நிப்பாட்டு நிப்பாட்டு"ன்னு சத்தம். பவுடர்ல ஒரு கோடு, பாம்பு போன தடம் மாதிரி, டேஷ்போர்டுக்கு கீழ ஆரம்பிச்சு வளைஞ்சு நெளிஞ்சு நேரா அந்த ஓட்டைக்கிட்ட போய் நின்னுச்சு. ரப்பருக்கு உள்ள கண்ணாடி உக்கார்ற விளிம்பு தின்னுபோயிருந்திருக்கு. அந்த விளிம்பை விட்டுட்டு தரையை மட்டும் ஒட்டியிருந்தா அடுத்த வருசம் திரும்ப இதே வேலைதான்.

இன்னொரு காரணமும் அப்பாதான் சொன்னாரு. எங்களுக்கு முன்னால வச்சிருந்தவரு மரக்கறித் தோட்டக்காரரு, இதுல உரமூட்டை ஏத்தியிருக்காரு. அமோனியம் சல்பேட், யூரியா எல்லாம் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக் கசியும், இரும்புல பட்டா உப்புத்தண்ணி பட்ட கதைதான். பெக்டரியில உர ஸ்டோர் கதவுக் கொண்டி எத்தனை தடவை மாத்தினோம்னு கணக்கே இல்லன்னாரு. ஜப்பான்ல பனி விழுற ஊர்ல ஓடின வண்டிக்கு ரோட்டுல போடுற உப்பால அடி போகும்னு சொல்லுவாங்களே, நம்ம ஊர் வண்டிக்கு உரம் அந்த வேலையை செய்யுது. பழைய வேன் வாங்கப் போறவங்க முன்னால என்ன ஏத்தினீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

சரி, வெட்டுற வேலை. எனக்கு வெட்டவே மனசு வரல, ஓட்டையை சுத்தி ஒரு இஞ்சி எடுத்தா போதும்னு கிரைண்டரை பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அப்பா, "தேயிலையில கவ்வாத்து வெட்டுறது பார்த்திருக்கியா? பட்ட மரத்துல கொஞ்சம் விட்டு வெட்டினா வாது எங்கே இருந்துடா வரும்? நல்ல மரம் தெரியுற வரைக்கும் வெட்டு"ன்னாரு. வெட்டினேன். வெட்ட வெட்ட ஓரம் மெல்லிசாத்தான் இருந்துச்சு, சிலேட் அகலம் போயி, ட்ரே அகலம் போயி, கடைசியா வெள்ளையா பளபளன்னு நெருப்புப் பொறி நல்லா பறக்கிற தகடு வந்தப்ப, பிள்ளைங்க கால் வைக்கிற தரையில பாதி காணோம். அந்த ராத்திரி தூக்கமே வரல. ஒண்ணு சொல்றேன், கிரைண்டர்ல வயர் கப் போட்டு சுரண்டும்போது அதுல இருந்து கம்பி கம்பியா பிச்சுக்கிட்டு பறக்கும், சாயங்காலம் பார்த்தா என் ஸ்வெட்டர் நெஞ்சுல முள்ளம்பன்றி மாதிரி பதினஞ்சு கம்பி குத்திக்கிட்டு நிக்குது. கண்ணுக்கு கண்ணாடி இல்லாம அதை தொடவே தொடாதீங்க.

வெல்டிங்ல நான் பட்ட அவமானம் தனி. தெரிஞ்சவரு ஒருத்தர்கிட்ட ஆர்க் பிளான்ட் வாங்கி, யூடியூப்ல ரெண்டு வீடியோ பார்த்துட்டு, குச்சியை தகட்டுல தொட்டேன். ஓட்டை. பக்கத்துல தொட்டேன், இன்னொரு ஓட்டை. வேன் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட சரியா இருக்காது, கேட் செய்யிற ஆர்க்கை அதுல கொண்டுபோய் வச்சா அது என்ன பண்ணும். அரை மணி நேரத்துல நான் வெட்டினதை விட உருக்கினது கூட. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேல எட்டிப் பார்த்து "என்ன தம்பி, இடியப்ப உரலா செய்யிற?"ன்னு கேட்டுட்டு போனாங்க. அத்தோட விட்டுட்டு மெல்லிசு தகட்டை ஒட்டுற மிக் வெல்டிங் பிளான்ட் வச்சிருக்கிற ஒரு டிங்கர் பாஸை, அதான் தகட்டு வேலை மேஸ்திரியை, ஒரு நாள் கூலிக்கு கூப்பிட்டேன். வெட்டி, சுரண்டி, காட்போட்ல அச்செடுத்து, 20 கேஜ் கறுப்புத் தகட்டுல துண்டு எல்லாம் தயாரா வச்சிருந்ததால அவருக்கு ஒட்டுற வேலை மட்டும்தான், சாயங்காலம் நாலு மணிக்கு முடிச்சுட்டாரு. கோடு இழுக்கிற மாதிரி ஒரே ஓட்டமா ஒட்டல, இங்க ஒரு பொட்டு, அங்க ஒரு பொட்டு, ஆறவிட்டு நடுவுல ஒரு பொட்டு, அப்பத்தான் தகடு சூட்டுல நெளியாதாம். கூரைத் தகரம் மிஞ்சிக் கிடக்கு, அதை போடலாமான்னு நான் கேட்டதுக்கு மூஞ்சியை சுளிச்சாரு. அதுல நாகப் பூச்சு, அதான் சிங்க், இருக்கு, சுட்டா வெள்ளைப் புகை வரும், அதை இழுத்தா ராத்திரி காய்ச்சலும் நடுக்கமும்தான், ஒருக்கா பட்டுட்டேன் தம்பின்னாரு. பெட்டரி வயரை கழட்டி வச்சது, ஈரச் சாக்கை டேங்க் பக்கம் போத்தினது, ஒரு வாளி தண்ணியோட அப்பா கூடவே நின்னது, இதெல்லாம் சொல்லாமலே தெரியணும், ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

ஹாட்வெயார்ல துருவை மாத்துற மருந்துன்னு ஒரு போத்தல் விக்கிறாங்க, சிலதுல பொஸ்பரிக் அமிலம், சிலதுல டானிக் அமிலம். டானிக் அமிலம் துருவோட சேர்ந்தா கறுப்பா ஒரு படலமா மாறிடும், பழைய இரும்புச் சாமான்களை காப்பாத்த மியூசியத்துக்காரங்ககூட அதை பூசுவாங்க. இதை அப்பாகிட்ட வாசிச்சுக் காட்டினப்ப அவரு ஒண்ணும் ஆச்சரியப்படல. கொழுந்துச் சாறு இரும்புல பட்டா கறுத்துடும்னு பெக்டரியில இருந்த எல்லாருக்கும் தெரியுமேன்னாரு. அன்னைக்கே துரு பிடிச்ச போல்ட் ஒண்ணை எடுத்து, நல்லா கொதிக்க வச்ச சாயத்தண்ணியில, அதான் பால் விடாத தேத்தண்ணியில, கொஞ்சம் வினாகிரி விட்டு ஊறப்போட்டேன், விடியக்காலம் பார்த்தா செவப்பு போயி மை மாதிரி கறுத்துக் கிடக்கு. அம்மாவுக்குத்தான் கோவம், நல்ல டஸ்ட் தேயிலை வீணாப்போச்சுன்னு. வேனுக்கு சாயத்தண்ணி பூசலாம்னு நான் சொல்ல வரல, அதுல சத்து பத்தாது, போத்தல் மருந்தைத்தான் அடிச்சேன், அதுவும் வெட்ட முடியாத மடிப்புகளுக்கு மட்டும். பொருக்கு பொருக்கா நிக்கிற துரு மேல அதை ஊத்தினா மேல் தோல்தான் கறுக்கும், கீழ அது பாட்டுக்கு தின்னுக்கிட்டே இருக்கும்.

சின்னச் சாமான்கள் இருக்கே, கதவு உருளையோட பிரெக்கட், கீல், பெட்டரித் தட்டு, இதுகளுக்கு நான் செஞ்சது வாளி வைத்தியம். 20 லீட்டர் பிளாஸ்டிக் வாளியில தண்ணி, அஞ்சு மேசைக்கரண்டி வொஷிங் சோடா, ஓரத்துல ஒரு வேண்டாத இரும்புக் கம்பி, நடுவுல சாமானை அந்தரத்துல கட்டித் தொங்கவிட்டு, 12 வோல்ட் சார்ஜரோட மைனஸை சாமானுக்கும் பிளஸை கம்பிக்கும் குடுக்கணும். மாத்திக் குடுத்தா சாமான் கரைஞ்சு கம்பி சுத்தமாகும், ஜாக்கிரதை. சோடாப் போத்தல் திறந்த மாதிரி நுரை நுரையா வரும், அது ஹைட்ரஜன், அதனால வீட்டுக்குள்ள வைக்காதீங்க, பக்கத்துல நின்னு சிகரெட்டும் வேண்டாம். ஸ்டெயின்லெஸ் கம்பி போடக்கூடாது, அதுல இருந்து விசம் கலக்கும். ஸ்பிரிங், பிரேக் சம்பந்தப்பட்ட போல்ட் இதெல்லாம் அதுல போடாதீங்க, ஹைட்ரஜன் ஏறி நொறுங்குற குணம் வந்துடும். ஒரு ராத்திரி விட்டு காலையில எடுத்தா தண்ணி ரசம் மாதிரி இருக்கு, சாமான் மேல கறுப்புச் சேறு, பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சா கீழ சாம்பல் நிறத்துல இரும்பு. பிரெக்கட்ல டொயோட்டா அடிச்சிருந்த நம்பர்கூட தெரிஞ்சுச்சு, இத்தனை வருசத்துல அப்பவே முதல் தடவை அதை பார்க்கிறேன். ஆனா அதை கையில வச்சு ரசிச்சுக்கிட்டு டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள திரும்ப செவப்பு படர ஆரம்பிச்சிருச்சு. எடுத்த உடனே துடைச்சு, காயவச்சு, பிரைமர் அடிச்சிடணும்.

பெட்டரித் தட்டு வேற மாதிரி வியாதி, அங்க அமிலம் வழிஞ்சு தின்னது. முதல்ல அப்பச்சோடாவை தண்ணியில கரைச்சு ஊத்தினோம், பொங்குறது நிக்கிற வரைக்கும். அப்புறம்தான் மிச்சம் எல்லாம்.

பெயின்ட் பத்தி அதிகம் சொல்றதுக்கு இல்ல. அடியில ரெட் ஒக்சைட் பிரைமர். அந்த செவப்புப் பொடியும் ஒரு வகை இரும்பு ஒக்சைட்தான், அதாவது துருவுக்கு துருவையே அரைச்சு பூசுறோம், இதை நெனச்சு எனக்கு ரெண்டு நாள் சிரிப்பு. ரெட் ஒக்சைட் அடிச்சாச்சுன்னு அப்படியே விட்டுறாதீங்க, அது ஈரத்தை உள்ள விடும், மேல இன்னொரு பெயின்ட் வேணும். நான் ஒரு நாள் மூணு மணிக்கு மேல அடிச்சேன், நாலு மணிக்கு மிஸ்ட் இறங்கி பெயின்ட் மேல வெள்ளையா பால் ஊத்தின மாதிரி படர்ந்துருச்சு, தேய்ச்சு எடுத்துட்டு அடுத்த நாள் காலையில தங்கச்சியோட ஹேர் டிரையரால தகட்டை சுட வச்சுட்டு அடிச்சேன். பெட்டிக்கு உள்ள, கை போகாத இடத்துக்கு, கிரீஸையும் கியர் ஒயிலையும் கலந்து ஒரு குழாய் வச்சு விசிறினோம். பழைய எஞ்சின் ஒயிலை அடின்னு எல்லாரும் சொன்னாங்க, ஊர் வழக்கம் அதுதான், எனக்கு இஷ்டமில்ல. ரப்பர் புஷ் எல்லாம் ஊதிப்போகும், மழையோட வடிஞ்சு எங்க கீரைப் பாத்திக்குத்தான் போகும்.

அடியில படுத்திருந்தப்பத்தான் பின் சக்கரத்துக்கு போற பிரேக் குழாயைப் பார்த்தேன், ஒரு கிளிப்புக்கு கீழ பொருக்கு தட்டி ஊதியிருந்துச்சு. மேலால ஈரமில்ல, இன்னும் கசியல. சேண்ட் பேப்பர் போட்டு தேய்ச்சுப் பார்க்கலாமான்னு கை போச்சு, எடுத்துட்டேன். கினிகத்தேன இறக்கத்துல பிள்ளைங்களோட போற வண்டி இது. அதை மட்டும் பிரேக் வேலை பார்க்கிற பாஸ்கிட்ட குடுத்து முன்னால இருந்து பின்னால வரைக்கும் புதுசா போட்டு, குழாய்க்குள்ள இருக்கிற எயாரை எடுத்து, அவரு ஓட்டிப் பார்த்து சரின்னு சொன்ன பிறகுதான் கொண்டு வந்தேன். வேனுக்கு செலவழிச்ச காசுல மறு பேச்சு பேசாம குடுத்தது அது ஒண்ணுதான்.

மார்ச் முதல் திங்கக்கிழமை திரும்ப ஓட ஆரம்பிச்சேன். வேனைப் பார்த்தா பெருசா ஒண்ணும் தெரியாது, கீழ் பாதி கறுப்பு, மேல் பாதி பழைய வெள்ளை, வலது பக்கம் இன்னும் தொடவே இல்ல, அங்க சோக் வட்டம் ஏழு இருக்கு. அந்தப் பொடியன் ஏறின உடனே விரிப்பை தூக்கிப் பார்த்தான், "ரோட்டை காணோம்"னு கொஞ்சம் ஏமாத்தத்தோட சொன்னான். அப்புறம் பழக்கதோசத்துல, ரெண்டு கையாலயும் பிடிச்சு, கால் ஊனி, முழு பலத்தோட கதவை இழுத்தான். முந்தி அப்படி இழுத்தாத்தான் பாதியாவது நகரும். சுத்தமான உருளையில கிரீஸ் போட்ட கதவு, ஒரே ஓட்டமா ஓடி டமார்னு அடிச்ச அடியில முன் கண்ணாடியில ஒட்டியிருந்த பிள்ளையார் கழண்டு என் மடியில விழுந்தாரு. இப்ப கதவுல பெரிய எழுத்துல "மெதுவா" ஒட்டியிருக்கேன், ஒருத்தரும் வாசிக்கிறதில்ல.